எல்மருக்கு அக்கா இல்லை

படப்பிடிப்புகளுக்கு நர்ஸ் அனுப்பும் ஒரு கம்பெனியில் தர்ஷினி போன மாதம் வேலைக்குச் சேர்ந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண். இங்கே ஆக்லாந்தில், ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தையில் கடைசிக் கட்டு வெந்தயக் கீரைக்கு நானும் அவளும் ஒன்றாகக் கை நீட்டியதில் பழக்கமானவள். சேர்ந்த வாரமே போன் செய்தாள்.

"அன்ரி, இங்க ஒரு விசர் ரூல் வச்சிருக்கினம். மெடிக்கல் வானுக்குள்ள வந்தா எந்தப் பெரிய நடிகர் எண்டாலும் தன்ர சொந்தப் பேரிலதான் மறுமொழி சொல்லோணுமாம். ஏனெண்டு கேட்டா ஒருத்தருக்கும் தெரியேல்லை. நீங்களும் இந்த வேலைதானே செய்தனீங்கள், உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"அப்ப சொல்லுங்கோவன்."

"போன்ல சொன்னா புரியாதும்மா. நடந்தது எனக்கே இன்னும் சரியாப் புரியல. எழுதித் தரேன்."

வாய் தவறிச் சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் எங்கே ஆரம்பிப்பது என்ற முதல் குழப்பம் வந்தது.

என் படிப்பையும் அனுபவத்தையும் விரிவாகச் சொல்லப் போவதில்லை. மதுரையில் நர்சிங் படித்தேன். சென்னையில் அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். வீட்டுக்காரருக்கு எல்லர்ஸ்லியில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்து ஆக்லாந்து வந்ததும் மறுபடியும் பரீட்சை, பதிவு, முதியோர் இல்லம், அதன் பிறகு எமர்ஜென்சி வார்டு. எல்லா நர்ஸுகளின் கதையும் கடைசியில் முழங்காலில்தான் போய் முடியும். என் கதையும் அங்கேதான் போனது. நைட் டியூட்டி இனிமேல் ஆகாது என்று டாக்டர் சொன்னபோது, உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அது படப்பிடிப்பு நர்ஸ் வேலை.

"நடிக்கிறவனுக்கு நர்ஸா, இல்ல நர்ஸா நடிக்கப் போறியா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அன்றைக்கு அது வெறும் கிண்டல்.

வேலை என்னவோ சுலபம்தான். மேற்கு ஆக்லாந்தில் விமானக் கொட்டகை மாதிரிப் பெரிய கட்டடங்கள் இருக்கின்றன. உள்ளே ஊர்களையும் காடுகளையும் கட்டுவார்கள். வெளியே ஒரு வேனில் மருந்து, ஆக்ஸிஜன், கட்டிலோடு நான் உட்கார்ந்திருப்பேன். கையில் சிராய்ப்பு, கண்ணில் தூசி, குளவிக்கடி, வெயிலில் கன்றிப்போன மூக்கு, இவ்வளவுதான் வரும். மற்ற நேரமெல்லாம் காத்திருப்பு. எமர்ஜென்சி வார்டில் ஓடிய காலுக்கு அதுவே தண்டனையாக இருந்தது.

முதல் வாரம் ஒரு வேடிக்கை நடந்தது. நெற்றியிலிருந்து கன்னம் வரை பிளந்த காயத்தோடு ஒருவர் தேநீர்க் கோப்பையும் கையுமாக என் வேனைத் தாண்டிப் போனார். நான் அவரை இழுத்து உட்கார வைத்து உப்புநீரால் துடைக்க ஆரம்பித்தேன். அவர் என்னவோ சொல்ல வந்தார், பேசாதீர்கள் என்றேன். பாதிக் காயம் பஞ்சோடு வந்துவிட்டது. ஒப்பனைக்காரப் பெண் ஓடிவந்து தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து உட்கார்ந்து வரைந்த காயம் அது.

அன்றைக்குத்தான் கிரேமை முதலில் சரியாகப் பார்த்தேன். படப்பிடிப்பின் பாதுகாப்புப் பொறுப்பு அவருடையது, எனக்கு மேலதிகாரி. முன்னாள் தீயணைப்பு வீரர். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உருவம், குரல் மட்டும் லைப்ரரியில் பேசுகிற குரல். யாராவது பதறிக்கொண்டு வந்து எதையாவது சொன்னால் தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்துக்கொள்வார். "முதலில் பார்த்ததைச் சொல். நினைத்ததை அப்புறம் கேட்கிறேன்" என்பார். சொல்லி முடித்ததும் "இன்னொரு தரம் சொல்" என்பார். இரண்டாம் தரம் சொல்லும்போது நமக்கே தெரியும், முதலில் சொன்னதில் எது கண்ணால் பார்த்தது, எது பயத்தில் சேர்ந்தது என்று. இந்த ஊரில் பாதுகாப்பு விஷயத்தில் சட்டம் கடுமையானது. வேலையை நிறுத்து என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் இயக்குநரும் நிறுத்தித்தான் ஆக வேண்டும். அதனாலேயே அந்த வார்த்தையை அவர் லேசில் சொல்ல மாட்டார்.

காய விவகாரத்தை இரண்டு தரம் கேட்டுவிட்டு, "அடுத்த தடவை தொடுவதற்கு முன்னால் கேள்" என்று மட்டும் சொன்னார். ஒப்பனைக்காரப் பெண்ணுக்கு அவரே காபி வாங்கிக் கொடுத்தார்.

இனி அந்த அமெரிக்க நடிகர். பெயரைச் சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதனால் எழுதவில்லை. இருபத்தைந்தைத் தாண்டாத வயது. எனக்கு யாரென்றே தெரியாது. என் மகள் காவ்யாவுக்குத் தெரிந்திருந்தது. அவள் ஊரின் தெற்குக் கோடியில், தகனினியில் வீடு வாங்கிக்கொண்டு போனவள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள்.

"அம்மா, சீரியஸ்லி? யூ டோன்ட் நோ ஹிம்?" என்று ஆரம்பித்து ஒரு மூச்சில் கொட்டினாள். பள்ளிக்கூட வயதில் ஒரு டிவி தொடரில் வந்தாராம். எல்லாரும் அந்தப் பையனாகவே அவரை நினைத்துவிட்டதால் வெறுத்துப்போய் நியூயார்க்கில் மேடை நாடகத்துக்குப் போனாராம். அங்கே ஒரு சின்ன அரங்கில் வாய் பேசாத ஒருவராக நடித்தவர், நாடகம் ஓடிய காலம் முழுவதும் வெளியிலும் யாருடனும் பேசவில்லையாம். அதன் பிறகு இரண்டு படம், ஒரு பெரிய விருது. "ஹி பிகம்ஸ் த பர்சன், அம்மா" என்றாள். கேட்டபோது எனக்கு அது பெருமையான விஷயமாகத்தான் தோன்றியது.

ஆக்லாந்தில் எடுத்த படம் ஒரு சுரங்க விபத்தைப் பற்றியது. நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கா. எல்மர் என்கிற இளம் தொழிலாளி மண் சரிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறான். பட்டினி கிடக்கிறான். அதற்காக நடிகர் உடம்பைக் குறைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் போட்டுக்கொடுத்த திட்டப்படி சாப்பாடு, தினமும் காலையில் என்னிடம் பரிசோதனை. படப்பிடிப்புத் தொடங்குவதற்கு முன்பே எங்கள் எல்லாருக்கும் சொல்லிவிட்டார்கள்: அவரை எல்மர் என்றுதான் கூப்பிட வேண்டும், வேறு பெயரில் கூப்பிட்டால் திரும்ப மாட்டார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நடிகரை அவர் என்றும் எல்மரை அவன் என்றும் எழுதப் பார்க்கிறேன். எங்காவது மாறியிருந்தால் அது கைப்பிழை இல்லை, குழப்பம். அங்கே பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான், என் காதில் விழுந்தபடி தமிழில் தருகிறேன்.

முதல் நாள் காலை வேனுக்குள் வந்தவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். "உள்ளே வரலாமா, மிஸஸ் ஃபிஞ்ச்?" என்றான்.

என் பெயர் கோமதி என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் நின்ற உதவி இயக்குநர் சொல்லாதே என்று கையைக் காட்டினார். பிறகு விளக்கினார். எல்மர் வாடகைக்குத் தங்கியிருக்கும் வீட்டுக்காரி மிஸஸ் ஃபிஞ்ச். கதையில் மற்றவர்கள் அவளைப் பற்றிப் பேசுவார்களாம், அவள் திரையில் வரவே மாட்டாளாம். நடிகையே போடாத அந்த வேஷத்தை எனக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பரிசோதனையில் ரத்த அழுத்தம், நாடி, எடை எல்லாம் பார்ப்பேன். சர்க்கரைக்கு விரல் நுனியில் ஒரு குத்து. கடைசியில் மூன்று கேள்வி: உங்கள் பெயர் என்ன, இப்போது எங்கே இருக்கிறீர்கள், இன்றைக்கு என்ன கிழமை. தலையில் அடிபட்டவர்கள், காய்ச்சலில் இருப்பவர்கள், பட்டினி கிடப்பவர்கள் எல்லாரிடமும் கேட்பது. புத்தி தெளிவாக இருக்கிறதா, குழம்பியிருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும்.

எல்மர் மூன்றுக்கும் பதில் சொன்னான். பெயர் எல்மர். இருப்பது மிஸஸ் ஃபிஞ்ச் வீட்டுச் சமையலறை. கிழமை ஞாயிறு, ஏனென்றால் அன்றைக்கு எடுக்க இருந்த காட்சியில் அது ஞாயிறு.

நான் இத்தனை வருஷம் வேலை பார்த்ததில் மூன்றும் தப்பாகச் சொன்ன ஆளை உடனே கட்டிலில் படுக்க வைத்து டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறேன். இவன் எதிரே உட்கார்ந்து மரியாதையாகச் சிரிக்கிறான். நாடி சரி, சர்க்கரை சரி. என்ன எழுதுவது?

கிரேமிடம் போனேன். தொப்பி முழங்காலுக்குப் போனது.

"நாளைக்கும் இதையே சொல்வானா?"

"சொல்வான்னுதான் நினைக்கிறேன்."

"அப்படியானால் நாளைக்கும் கேள். மாறாமல் சொன்னால் தெளிவு என்று எழுது. இது எனக்கும் புதுசு, கோமதி."

அப்படித்தான் தினமும் எழுதினேன். தப்பான பதில்கள், ஆனால் ஒரே மாதிரியான தப்பு. சில நாள் மனசாட்சிக்காகக் கூடுதலாகவும் கேட்பேன். எல்மரின் அப்பா சுரங்கத்தில் செத்துப்போனவர். அம்மா ஊரார் துணி வெளுக்கிறாள். கூடப் பிறந்தது ஒரே அண்ணன், ரே. அவன் ரயில்வே வேலைக்குப் போய் ஊர்ப்பக்கம் திரும்பவே இல்லை. ரே மட்டும்தான், வேறு யாரும் இல்லை. ஒரு பொங்கலுக்கு வீட்டுக்கு வந்த உறவுக்காரப் பையனைப் பற்றித் தெரிந்துகொள்வது மாதிரி அவனைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டேன். நடிகரைப் பற்றி எனக்குக் காவ்யா சொன்னதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

ஒரு நாள் நான் படியில் இறங்கும்போது முகத்தைச் சுளித்ததைப் பார்த்துவிட்டான். "முழங்கால் வலிக்கிறதா, மிஸஸ் ஃபிஞ்ச்? நீங்கள் உட்காருங்கள், கரியை நான் அள்ளி வருகிறேன்" என்றான். அங்கே அள்ளுவதற்குக் கரி எதுவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு தினமும் என் காலைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவான். வலி என் வலி, அது நிஜம். அதை விசாரித்தது யார்? இதை வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர், "பேசாம நீயும் ஒரு விருது வாங்கிடு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்மரின் மேல் எனக்குப் பாசம் வந்துவிட்டது, அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

நாள் போகப் போக எடை திட்டத்தைவிட வேகமாக இறங்கியது. டாக்டரிடம் சொன்னேன். அவர் நடிகரோடு பேசினார், நடிகர் எல்மராகவே தலையாட்டினார். அந்த வாரம் சாப்பாட்டு வண்டிக்காரர் கோவிந்தன் என் வேனுக்கு வந்தார். ஃபிஜிக்காரர், அவருடைய தாத்தாவின் அப்பா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போன குடும்பம். அவருக்குத் தமிழில் மொத்தமே நாலைந்து வார்த்தைதான் தெரியும். என்னைப் பார்த்தால் அவற்றை ஒன்றுவிடாமல் பயன்படுத்துவார்.

"அக்கா. அந்தப் பையன் சோறு நோ" என்றார். "தண்ணி, தண்ணி, தண்ணி." கையால் பாட்டிலைத் திறந்து குடிப்பது போல் காட்டினார்.

பசியை அடக்க நடிகர் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தார். இது நல்லதில்லை என்று எந்த நர்ஸுக்கும் தெரியும். சோறும் உப்பும் இல்லாமல் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். முதலில் தலைவலி வரும், பிறகு குமட்டல், தள்ளாட்டம், குழப்பம். அதற்கப்புறம் வலிப்பு, கடைசியில் மூளையே கெட்டுவிடும். மறுநாளே ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். முக்கியமான காட்சி இருக்கிறது, முடித்ததும் சாயந்திரம் அனுப்புகிறோம் என்றார்கள்.

அந்த முக்கியமான காட்சி என்ன தெரியுமா? சுரங்கத்துக்குள் விஷக்காற்று பரவுகிறது. எல்மருக்குத் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம். கடைசியில் புத்தி தடுமாறுகிறது.

இதைவிட ஒரு நர்ஸைக் குழப்ப முடியாது.

அன்று காலை என்னிடம் வந்தபோது மூன்று கேள்விக்கும் வழக்கமான பதில்தான். தலை வலிக்கிறது என்றான். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "உள்ளே காற்று சரியில்லை, மிஸஸ் ஃபிஞ்ச்" என்றான். என் காலைப் பார்க்கவில்லை. அது மனசில் பட்டது, ஆனால் அதை எங்கே எழுதுவது? இன்றைக்கு என் முழங்காலை விசாரிக்கவில்லை என்று எந்தத் தாளில் எழுத முடியும்? நான் கொட்டகைக்குள் வந்து கூடவே இருக்கிறேன் என்று கிரேமிடம் கேட்டேன். சரி என்றார்.

கரி பூசிய சுரங்கத்துக்குள் விளக்கைப் பிடித்துக்கொண்டு அவன் நடந்தான், தடுமாறினான், சுவரில் சாய்ந்தான். நன்றாக இருக்கிறது என்று இயக்குநர் கிசுகிசுத்தார். அவர் கெட்டவர் இல்லை. நடிகரைவிட நாலைந்து வயது மூத்தவர், நல்ல படம் எடுக்க வேண்டுமென்று சோறு தண்ணி இல்லாமல் அலைந்துகொண்டிருந்தவர். ஒரு தரம் எடுத்து முடித்ததும் எல்மர் தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். தண்ணீராக வந்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பேர் என்னப்பா?" என்று கேட்டேன். இங்கிலீஷில்தான் கேட்டேன், என் மனசில் மட்டும் 'அப்பா' சேர்ந்துகொண்டது.

"எல்மர்."

"எங்கே இருக்கிறாய்?"

"கீழே. உள்ளே." அதுவும் சரிதான், அதாவது சரியான தப்புதான்.

"என்ன கிழமை?"

யோசித்தான். "ஆனி வந்துட்டாளா?" என்றான்.

"ஆனி யாரு?"

"என் அக்கா. அவள்தான் என்னைக் கூட்டிட்டுப் போக வருவாள். அப்பா கடையைச் சாத்திட்டு வர நேரமாகும்."

எல்மரின் அப்பா செத்துப்போனவர். அவருக்குக் கடை கிடையாது. எல்மருக்கு அக்கா இல்லை.

எனக்குப் பின்னால் நின்ற இயக்குநரின் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டீர்களா, அவனாகவே ஒரு அக்காவை உண்டாக்கிவிட்டான்" என்று ஒளிப்பதிவாளரிடம் சொன்னார். "யாரும் எதுவும் பேசாதீர்கள். இப்படியே அடுத்ததை எடுத்துவிடலாம்."

அவர் சொன்னதும் நடக்கக்கூடியதுதான். புத்தி தடுமாறுகிற காட்சியில் ஒரு நல்ல நடிகர் இல்லாத அக்காவைக் கூப்பிட மாட்டாரா? வாய் பேசாதவராக நடித்தபோது மாதக்கணக்கில் பேசாமலே இருந்தவர் ஆயிற்றே. நான் நிறுத்தச் சொல்லி இது நடிப்பாகவே இருந்தால் அவர் இத்தனை நாள் பட்டினி கிடந்து பிடித்ததைக் கலைத்தவள் ஆவேன். நிறுத்தாமல் இது நடிப்பாக இல்லாமல் போனால், கேமராவுக்கு முன்னால் அத்தனை பேரும் பாராட்டிக்கொண்டு நிற்க அவர் செத்துப்போவார். மறுபடியும் அவன் முகத்தைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே முகம்தான்.

கிரேம் மூலையில் நின்றுகொண்டிருந்தார். போனேன். தொப்பியைக் கழற்றினார்.

"என்ன பார்த்தாய்?"

"அக்கா வந்தாளான்னு கேட்டான்."

"சரி."

"எல்மருக்கு அக்கா இல்லை."

அவர் என்னையே பார்த்தார். நான் சொன்னது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாக இருந்தது என்று எனக்கே தெரிந்தது. உலகத்திலேயே இல்லாத ஒருவனுக்குக் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு தீயணைப்பு வீரரிடம் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

"இன்னொரு தரம் சொல்."

"தினமும் கேக்கறேன் கிரேம். எப்பவும் ரேன்னு ஒரு அண்ணன்தான். இன்னிக்கு ஆனின்னு ஒரு அக்கா, அப்பாவுக்கு ஒரு கடை. வாந்தியில தண்ணி தவிர ஒண்ணும் இல்ல. நினைச்சதைச் சொல்லட்டுமா?"

"சொல்."

"இது எல்மர் இல்ல. அவரும் முழுசா இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

கிரேம் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். ரேடியோவை வாய்க்கருகே கொண்டுபோய், அதே லைப்ரரிக் குரலில், "வேலையை நிறுத்துங்கள்" என்றார்.

இயக்குநர் கத்தினார். ஆம்புலன்ஸ் வரும்வரை ஓயாமல் கத்தினார். நான் எதையும் காதில் வாங்கவில்லை. நடிகரைப் பக்கவாட்டில் படுக்க வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தேன். தண்ணீர் கேட்டார், கொடுக்கவில்லை. தாகத்தில் கெஞ்சுகிறவருக்குத் தண்ணீர் மறுப்பது நர்ஸாக இருந்தாலும் கொடுமையாகத்தான் இருந்தது. ஆம்புலன்ஸில் நானும் கூடப் போனேன், நெடுஞ்சாலையைத் தொட்டதும் வலிப்பு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பு விறைத்தபோது, அது நடிப்பில்லை என்று தெரிந்ததில் ஒரு கணம் எனக்கு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காக இன்றும் என்னை எனக்குப் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் உப்பு பயப்படும்படி குறைந்திருக்கிறது என்றார்கள். வலிப்பை நிறுத்த முதலில் கொஞ்சம் வேகமாக ஏற்றினார்கள், அதன் பிறகு மெதுவாக. அவசரப்பட்டு ஏற்றினாலும் மூளை கெட்டுவிடும். பிழைப்பார், ஆனால் விழித்தால் யாராக விழிப்பார் என்று சொல்ல முடியாது என்றார் ஒரு டாக்டர். அந்த வார்த்தையோடுதான் அன்று வீட்டுக்குப் போனேன்.

தெளிந்துவிட்டார் என்று செய்தி வந்ததும் கிரேம் என்னை அழைத்துக்கொண்டு போனார். வார்டு வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். அமெரிக்காவிலிருந்து அன்று காலைதான் வந்து இறங்கியிருந்தாள், முகம் வீங்கியிருந்தது. கிரேம் என்னைக் காட்டி ஏதோ சொன்னதும் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஆனி" என்றாள்.

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அப்பாவுக்கு ஒரு சின்ன ஊரில் ஆணி, சுத்தியல் விற்கிற கடை. பள்ளிக்கூட நாடகத்தில் தம்பி ஒரு தபால்காரனாக நடித்தான், அடுத்த வாரம் முழுவதும் தெருவில் வீடு வீடாகக் காகிதம் கொடுத்துக்கொண்டு திரிந்தான். எல்லாரும் சிரித்தார்கள். நாடக ஒத்திகை முடிந்து நின்றால் இவள்தான் போய்க் கூட்டி வருவாள். நியூயார்க்கில் வாய் பேசாதவராக நடித்தபோது அம்மா போன் செய்தால் எடுப்பார், கேட்பார், பதில் சொல்ல மாட்டார். "அப்போதே நாங்கள் யாராவது நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும்" என்றாள். "விருது கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?"

உள்ளே போனோம். அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் கழுவியிருந்தது. கரி இல்லாமல் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. வார்டு நர்ஸ் என் கண்ணெதிரே மூன்று கேள்வியையும் கேட்டாள். அவர் தன் சொந்தப் பெயரைச் சொன்னார். ஆக்லாந்தில் ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னார். கிழமையையும் சரியாகச் சொன்னார். குரல் வேறு. எல்மரின் குரல் கனத்த, இழுத்துப் பேசுகிற குரல். இது மெல்லிய, வேகமான, நகரத்துக் குரல். எல்லாப் பதிலும் சரி. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், பட்டேன். ஆனால் யாரோ தெரியாத வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரியும் இருந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். பழகின முகத்தைப் பார்க்கிற பார்வை இல்லை.

"மன்னிக்கணும், மேடம். நீங்கள்?"

என் பெயர் கோமதி. சட்டையில் அட்டை குத்தியிருந்தேன், அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"மிஸஸ் ஃபிஞ்ச்" என்றேன்.

வார்டு நர்ஸ் என் அட்டையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். நடிகர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. போர்வையை விரலால் நீவினார்.

"அவன் உங்களிடம் மரியாதையாக நடந்துகொண்டானா?" என்று கேட்டார்.

"நல்ல பையன்" என்றேன். "ரொம்ப நல்ல பையன்."

"உங்களுக்கு அவனைப் பிடிக்குமா?"

"பிடிக்கும்."

"எனக்கும்தான்" என்றார். "இவர்கள் அவனை மறுபடியும் கூப்பிடச் சொல்வார்கள். படம் பாதியில் நிற்கிறது. நானும் கூப்பிடுவேன், எனக்கே தெரியும்." ஆனியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "அவன் வந்தால் என்னைக் கேளுங்கள். அவன் சொல்வதை நம்பாதீர்கள்" என்றார்.

சரி என்றேன். தர்ஷினி கேட்ட ரூல் இதுதான், வேனுக்குள் சொந்தப் பெயரில்தான் பதில் சொல்ல வேண்டும் என்று பிறகு எல்லா நடிகருக்கும் ஆனது. போட்டது கிரேமோ கம்பெனியோ இல்லை, படுக்கையில் இருந்தபடி அவரே கேட்டது. லிஃப்டில் இறங்கும்போது எனக்கு அழுகை வந்தது. பிழைத்தவருக்காக அழுதேனா, நான் காட்டிக்கொடுத்துவிட்ட எல்மருக்காக அழுதேனா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.